கொலம்பைன் களவியல்: ஓர் அகத்திணை ஆய்வு

தோற்றுவாய்

அகப்பொருள் இலக்கணத்தை மனிதர்களுக்கு மட்டுமே உரியதாக்கி, செடிகொடிகளைக் கருப்பொருள் பட்டியலில் கடைசி வரிசைக்குத் தள்ளியது நம் இலக்கணிகளின் ஓரவஞ்சனை. தலைவி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூத்துவிட்டு வாய்மூடி இருப்பதுதான் செடிக்கு அவர்கள் ஒதுக்கிய வேலை. செடிக்கும் ஒரு களவு உண்டு, கற்பு உண்டு, ஊர்வாய் உண்டு என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடி கொலம்பைன். களம், இங்கிலாந்துச் சிற்றூர் வீடுகளின் பூந்தோட்டம். கொலம்பைன் வளர்ப்பவர் தோட்டக்காரர் அல்லர், செவிலித்தாய் என்பதே நாம் நிறுவப்போகும் துணிபு.

1. முதல், கரு, உரி

நிலம்: காட்டோரத்து அரைநிழல், நீர் தேங்காத மண். பொழுது: மே, ஜூன். தாவரவியலார் அக்விலீஜியா என்று அழைக்கும் இந்தப் பேரினத்தில் 60 முதல் 70 இனங்கள் வரை உண்டு. எல்லாம் வட அரைக்கோளத்துக் குடிகள். இங்கிலாந்தின் மண்ணுக்குரிய இனம் அக்விலீஜியா வல்காரிஸ். 1753இல் லின்னேயஸ் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். பனிக்காலக் குளிர் உடம்பில் பட்டால்தான் இது ஒழுங்காகப் பூக்கும். ஆகவே சென்னை, மதுரை அன்பர்கள் இக்கட்டுரையைத் தத்துவ நூலாக மட்டும் படித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தலைவியின் கேசாதிபாதம் வருமாறு. இலை, கொத்தமல்லித் தழையைப் பெரிதாக்கி நீலச்சாயம் ஏற்றியது போலிருக்கும். மழைத்துளி அதில் ஒட்டாமல் உருண்டு நிற்கும். பூ தலைகவிழ்ந்து தொங்கும். நிறம் பெற்ற புறவிதழ் ஐந்து. உள்ளே அகவிதழ் ஐந்து. ஒவ்வோர் அகவிதழும் பின்பக்கம் குழலாக நீண்டு கொம்பாக வளைந்திருக்கும். கொம்பின் நுனியில் தேன். பூவை நிமிர்த்திப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நோக்கம் விளங்கும்: தேனுக்குப் போகும் வழி மகரந்தத்தை உரசிக்கொண்டுதான் போகிறது.

உரிப்பொருள், களவு. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

2. தோழியும் பாணனும்

களவுக்குத் தோழி இன்றியமையாதவள். இங்கே தோழி, நீண்ட நாக்குடைய பம்பிள் தேனீ. கொம்புக்குள் நாக்கை நீட்டும்போதே மகரந்தத்தை மார்பிலும் தலையிலும் வாங்கி, அடுத்த பூவில் சேர்த்துவிடும். பூவும் அதற்கு உடந்தை. மகரந்தம் முதலில் உதிரும். சூல்முடி பிறகுதான் முதிரும். அதனால் வீட்டுப்பிள்ளையை விட வெளியூர்ப்பிள்ளைக்கே வாய்ப்பு மிகுதி.

குட்டை நாக்குப் பம்பிள் தேனீ வேறு சாதி. முறையான வழியில் நாக்கு எட்டாது என்று தெரிந்ததும் அது கொம்பின் வெளிப்புறத்தைக் கடித்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியே தேனை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. கூலியை வாங்கிக்கொண்டு தூது சொல்லாமல் போகும் பாணன் என்று இதனை வகைப்படுத்துகிறோம். ஜூன் மாதத்தில் எந்தக் கொம்பையும் திருப்பிப் பாருங்கள். நுனிக்கு அருகே பழுப்பு விளிம்புடன் ஒரு சிறு கீறல் இருந்தால் பாணன் வந்துபோனான் என்க.

இத்தனை இனங்கள் இருந்தும் அவை காட்டில் பெரும்பாலும் கலவாமல் இருப்பது எப்படி? இடமும் தோழியரும் வேறு வேறு என்பதால். ஜஸ்டன் விட்டால், ஸ்காட் ஹாட்ஜஸ் ஆகிய இருவர் 2007இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இதற்குத் துணைநிற்கும். வட அமெரிக்கக் கொலம்பைன்களின் தோழமை தேனீயிடமிருந்து ஹம்மிங் பறவைக்கும், அதனிடமிருந்து நீண்ட நாக்குடைய அந்துப்பூச்சிக்கும் மாற மாற, கொம்பும் படிப்படியாக நீண்டது என்று காட்டினார்கள். ஆல்ப்ஸ் மலையில் ஒருத்தி, ராக்கி மலையில் ஒருத்தி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தோட்டக்காரர் இருவரையும் தபாலில் வரவழைத்து ஒரே பாத்தியில் நட்டார். பிறகு நடந்ததற்குப் பூவின் மேல் பழி போடுவது முறையாகாது.

3. ஊர்வாய்

களவு நடந்த ஆண்டில் ஒன்றும் தெரியாது. நீலப்பூச் செடியின் விதையை நம்பிக்கையோடு எடுத்து விதைக்கிறார் செவிலி. முதலாண்டு இலை மட்டும். இரண்டாம் ஆண்டு மே மாதம் மொட்டு விரிகிறது: ஒன்று பழைய புடவை இளஞ்சிவப்பு, ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று வெளுத்துப்போன வெள்ளை. தகப்பன் யார் என்பது வேலிக்கு அப்பால் பூத்து நிற்கும் செடியைப் பார்த்த அண்டை வீட்டாருக்கு உடனே தெரிந்துவிடும். செவிலிக்குக் கடைசியில்தான் தெரியும். இது மரபுக்கு முற்றும் ஒத்தது.

இந்தப் பூக்குலத்துக்குள் பரம்பரை விசாரணையில் பேர்பெற்ற குடும்பம் ஒன்றின் பெயரும் நுழைந்திருக்கிறது. நோரா பார்லோ என்னும் வகை, சார்ல்ஸ் டார்வினின் பேத்தி பெயரால் வழங்குவது. தாத்தாவின் தன்வரலாற்றை, குடும்பத்தார் வெட்டிய பகுதிகளைத் திரும்பச் சேர்த்து 1958இல் பதிப்பித்தவர் அவரே. அவர் பெயர் தாங்கிய பூவுக்குத் தேன்கொம்பு கிடையாது; இளஞ்சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக இதழ் மேல் இதழ் அடுக்கியிருக்கும்.

4. உடன்போக்கு

பூவாக இருந்தவரை நாணித் தலைகவிழ்ந்தவள், காயானதும் நிமிர்ந்து நிற்பாள். ஐந்து மூக்குடைய காய் நுனியில் மட்டும் பிளந்துகொள்ளும். கறுத்து மினுமினுக்கும் விதைகள் உள்ளே காத்திருக்க, காற்று தண்டை ஆட்டும்போதெல்லாம் நாலு விதை வெளியே குதிக்கும். காய்ந்த தண்டை விரலால் சுண்டினால் உள்ளே கலகலவென்று கேட்கும். விதை வேண்டுவோர் அந்த ஒலி கேட்டதும் காயைத் தாள் பைக்குள் கவிழ்த்துத் தட்ட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் பை வெறும் பைதான்.

குதித்த விதை எங்கே போகும்? உரமிட்டுக் கிளறி வைத்த பாத்திக்குப் போகாது. செங்கல் இடுக்கிலும், சரளைக்கல் நடைபாதையிலும், வாசற்படி ஓரத்திலும் குடும்பம் நடத்தும். காரணம் உண்டு. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணுக்குள் ஆழப் புதைத்தால் வெளிவராது. செவிலி தட்டில் விதைத்து, அரை அங்குல மண் போட்டு மூடி, நாள்தோறும் நீர் தெளித்துக் காத்திருப்பார். அவர் காத்திருக்கும் அதே வேளையில் அவர் காலடியில் பாதை இடுக்கில் பன்னிரண்டு நாற்று முளைத்திருக்கும். மண்மேல் தூவி லேசாக அழுத்திவிட்டாலே போதும். சேமித்து வைத்த விதையாக இருந்தால், ஈரப்படுத்திச் சில வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பனிக்காலம் கழிந்தது என்று அதை நம்பவைக்க வேண்டும்.

ஓடிப்போனவளைத் திரும்பக் கொண்டுவரலாமா? இரண்டு மூன்று இலைப் பருவத்தில் கொண்டுவரலாம். அதற்குள் பிடிக்காவிட்டால் ஆணிவேர் ஆழ இறங்கிவிடும்; பிடுங்கி நட்டால் வாடிப்போவதே பெரும்பான்மை. எதிர்ப்படும் கண்டோர் செவிலியைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவைப்பதுதான் மரபு. நாமும் அதையே செய்கிறோம்.

5. பசலையும் வெறியாட்டும்

கோடை தொடங்கியதும் இலையில் வெள்ளைக் கோடுகள் தோன்றும். செவிலி பதறுவார், வேலனை அழைப்பார். இக்காலத்து வேலன் பூச்சிமருந்துக் கடைக்காரர். அவர் கொடுத்ததைத் தெளித்தும் கோடு நீண்டுகொண்டே போகும். ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்திருந்தால் இந்த வெறியாட்டுச் செலவு மிஞ்சியிருக்கும். கோடு ஒரு முனையில் நூலிழையாகத் தொடங்கி, வளைந்து வளைந்து போகப்போக அகன்று, மறுமுனையில் முடியும். அங்கே சிறு புள்ளியாக ஒரு புழு இருக்கும். இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே உட்கார்ந்து தின்னும் ஈப்புழு அது. தின்றுகொண்டே அது பருக்கிறது; அதனால்தான் வழியும் அகல்கிறது. மேலே தெளித்த மருந்து இரண்டு தோலுக்கு நடுவே எளிதில் எட்டுவதில்லை. கோடு முடியும் இடத்தை இரண்டு விரலால் நசுக்கினால் காரியம் முடிந்தது. பூ முடிந்தபின் இலை முழுவதையும் அடியோடு வெட்டிவிட்டாலும் சில வாரத்தில் புதுத்தழை வந்துவிடும்.

அடிச்சாம்பல் நோயை மட்டும் விளையாட்டாகக் கொள்ளலாகாது. பிரிட்டனில் 2013இல் கண்டறியப்பட்டது. இலையின் மேல் மஞ்சள் திட்டும் அடியில் வெள்ளைப் பூஞ்சையும் அடையாளம். வீட்டுத் தோட்டத்தில் மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அழித்துவிட வேண்டியதுதான்.

6. இற்செறிப்பு

குலம் காக்க விரும்பும் செவிலியர் மொட்டு விரியுமுன் மெல்லிய துணிப்பை கட்டி, தூரிகையால் தாமே மகரந்தம் தடவுவர். தோட்டத்தில் ஒரே வகையை மட்டும் வளர்ப்பது இன்னொரு வழி. ஆனால் வேலிக்கு அப்பால் இருப்பவருக்கும் அதே கொள்கை இருக்க வேண்டும்.

அரசே செவிலியாக நிற்கும் நாடும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், நீலப் புறவிதழும் வெள்ளை அகவிதழும் கொண்ட ராக்கி மலைக் கொலம்பைனை 1899இல் தன் மாநில மலராக்கியது. பொது நிலத்தில் அதை வேரோடு தோண்டுவதையும், ஒருவர் ஒரே நாளில் 25 பூவுக்கு மேல் பறிப்பதையும் 1925இல் சட்டம் தடைசெய்தது. மனிதர் கையைத் தடுத்த அச்சட்டத்தில் தேனீ பற்றி ஒரு பிரிவும் இல்லை.

7. கடாவும் விடையும்

கடா: மூன்று நான்கு ஆண்டில் முதுமை அடைந்து ஓயும் செடிக்கு இத்தனை ஆய்வு எதற்கு? விடை: செடி ஓயும், தோட்டத்தில் கொலம்பைன் ஓயாது. வாங்கியதை ஒருமுறை நட்டவர்கள் பேரன் பேத்தி எடுத்த பின்னும் அதைப் பறித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடா: அப்படியானால் செவிலி எதற்கு? விடை: கத்தரிக்கோல் பிடிக்க. களவைத் தடுக்க அவரால் ஆகாது. எந்தக் களவின் பிள்ளைகள் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய மட்டும் ஆகும்.

முடிபு

கொலம்பைன் வளர்ப்பில் செய்ய வேண்டியவற்றைவிடச் செய்யாமல் விட வேண்டியவையே மிகுதி: விதையை மூடக்கூடாது, வேரைக் கிளறக்கூடாது, முதிர்ந்த செடியை இடம் மாற்றக்கூடாது. பூத்து முடிந்ததும் பிடித்த நிறத்துச் செடியின் காய்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றின் தண்டைக் காய் பழுக்குமுன் வெட்டிவிடுங்கள். பாத்திதோறும் பெயர்ப்பலகை குத்தி வைத்திருப்பவர்கள் அதைப் பிடுங்கிவிடலாம். இரண்டு ஆண்டில் அந்தப் பெயரில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.