சும்மா நடப்பவரின் கவனத்துக்கு

மேகமலையில் நடப்பதற்குக் காரணம் வேண்டும். முதுகில் கொழுந்து மூட்டை இருந்தால் காரணம் உண்டு. தலையில் விறகு இருந்தால் உண்டு. காணாமல் போன மாட்டைத் தேடினால், ரேஷன் கடைக்குப் போனால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினால்கூட உண்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு ஒருவன் ரோட்டோரமாகப் போனால் மட்டும் அந்த மலையே நின்று பார்க்கும்.

ஹைவேவிஸிலிருந்து மணலாறு பக்கம் நான் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து பக்கத்தில் நின்றது.

"என்னண்ணே, பஸ்ஸ விட்டுட்டீகளா?"

"இல்லப்பா, நடக்குறேன்."

"வண்டி எங்க நிக்குது? பஞ்சரா?"

"வண்டியே கொண்டாரல. சும்மா நடக்குறேன்."

டிரைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு டிரைவரின் குரல் இளகிவிட்டது. "ஏறுங்கண்ணே, காசெல்லாம் வேணாம்."

இந்த நடைப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவன் என் மச்சினன். இங்கிலாந்தில் டெர்பிஷையர் பக்கம் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாட்ஸ்அப்பில் படம் வரும். ஊர் தேவாலயத்துக்குப் பின்னால் தொடங்கும் ஒரு ஒற்றையடிப் பாதை. அப்புறம் யாரோ ஒருவருடைய கோதுமை வயலின் நட்டநடுவே அவன் நிற்கும் படம். அப்புறம் ஆடு, கல்சுவர், சுவரை ஏறித் தாண்ட மரப்படி. கடைசியில் தவறாமல் ஒரு பப்.

"அடுத்தவன் வெள்ளாமைக்குள்ள எறங்கி நடக்குறியே மாப்ள, உதைக்க மாட்டானா?" என்று கேட்டேன்.

"சட்டம் மாமா" என்றான்.

உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதை பொதுமக்களுக்குப் பாத்தியப்பட்டது. நிலம் யாருடையதாக இருந்தாலும் பாதை ஊருக்கு. வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வயலின் குறுக்கே போகும் பாதையைச் சம்சாரி உழுதுவிட்டால் 14 நாளில் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையை அவிழ்த்துவிடக் கூடாது என்று 1981-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதைப் படித்த அன்று மணலாற்றுத் தேயிலைக்குள் ஒரு காட்டுமாடு நிற்பதைப் பார்த்தேன். கணுக்காலில் வெள்ளை, கழுத்து என் பீரோ அகலம். வயதுச் சான்றும் இனச் சான்றும் கேட்கும் உத்தேசத்தை அங்கேயே கைவிட்டேன்.

பாதைச் சட்டம் நம்மிடமும் இல்லாமலில்லை. மலையடிவாரத்துக்கு இறங்கிப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். அதற்குள் போய்வர வரப்புதான் வழி. பத்திரத்தில் வரப்புக்கு ஒரு அகலம், கண்ணுக்கு ஒரு அகலம். ஜூனில் தண்ணீர் திறந்ததும் அண்டை வெட்டுகிறேன் என்று இந்தப் பக்கத்துக்காரர் மண்வெட்டியால் ஒரு சீவு சீவுவார். மறுநாள் அந்தப் பக்கத்துக்காரருக்கும் அண்டை வெட்டும் ஞாபகம் வரும். இருவரும் களத்துமேட்டில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள்; வரப்பு மட்டும் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே போகும். எதிரே ஆள் வந்தால் யார் சேற்றில் இறங்குவது? முறை பார்த்துத்தான். சம்பந்தி முறை என்றால் நான் இறங்குவேன். மச்சினன் முறை என்றால் அவன் இறங்குவான். முறை தெரியாதவர் என்றால் இருவரும் நின்று, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து, ஒரு முறை கண்டுபிடித்து, அப்புறம் ஒருவர் இறங்க வேண்டும். அதற்குள் வந்த வேலை மறந்துவிடும்.

மச்சினன் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் கிண்டர் ஸ்கவுட் என்ற மேடு. 1932 ஏப்ரலில் மில் தொழிலாளிகள் சில நூறு பேர் திரண்டு போய், சீமான்கள் வேட்டையாட வளைத்துப் போட்டிருந்த அந்த மேட்டில் ஏறி நடந்தார்கள். காவலாளிகளோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. இப்போது அவன் குடையோடு போய் செல்ஃபி எடுக்கும் உரிமை அப்படி வந்தது. அந்த ஊரில் நடக்க இடம் கேட்டு ஆட்கள் ஜெயிலுக்குப் போன காலத்தில், அதே ஊர்த் துரைமார்கள் நம் மலைகளை அளந்து, 'அன்னியர் பிரவேசிக்கக் கூடாது' பலகையை இங்கே நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் மச்சினனிடம் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை.

ஆனால் துரைமார்களில் ஒருவரை மட்டும் எனக்குப் பிடிக்கும். ஆங்கஸ் ஹட்டன். தேயிலைத் தோட்டக்காரர், இயற்கைப் பித்தர். 1948-ல் இந்த மலையில் அவர் பிடித்துக் கொடுத்த ஒரு பழந்தின்னி வௌவாலை, மும்பை அருங்காட்சியகத்தில் வேறு ஏதோ வௌவால் என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். அது யாரும் அறியாத புது இனம் என்று 1972-ல்தான் தெரிந்து, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்கள். ஒரு குழிவிரியனுக்கு ஹட்டன் பெயரே வந்தது. என்னைப் போலக் காரணமில்லாமல் சுற்றிய ஆசாமிதான். அவரிடம் எந்த ஜீப்பும் "பஞ்சரா?" என்று கேட்டிருக்காது. துரை நடந்தால் ஆராய்ச்சி.

எனக்கு வாய்த்த ஆராய்ச்சி அட்டையோடு முடிந்தது. மழை விட்ட மறு மணி நேரத்தில் தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் குனிந்து பாருங்கள். சருகின் மேல் நூல் கனத்தில் ஒன்று, ஒரு நுனியை ஊன்றி மறுநுனியை அந்தரத்தில் ஆட்டி, யார் வருகிறார்கள் என்று துழாவிக்கொண்டிருக்கும். நீங்கள் நின்றால் அது கிளம்பும். சாண் போட்டுச் சாண் போட்டு நேராக உங்களை நோக்கித்தான் வரும். கடிப்பது தெரியாது. சாக்ஸைக் கழற்றும்போது திராட்சை அளவுக்குப் பருத்து, நிறைந்த மனதோடு உருண்டு விழும். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு, "புகையில ஊறவச்ச தண்ணில சாக்ஸ நனைச்சுக் காயப்போட்டு மாட்டுங்க சார்" என்றார். செய்தேன். அட்டை வரவில்லை. பஸ்ஸில் மனிதர்களும் பக்கத்தில் வரவில்லை.

வழிகாட்டிப் பலகை? கீழே சின்னமனூரிலிருந்து ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூப்பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரைக்கும் அழகு. மேலே லத்திதான் பலகை. யானை லத்தி காய்ந்து காளான் முளைத்திருந்தால் தாராளமாகப் போகலாம். ஈரமாக இருந்தால் யோசிக்கலாம். ஆவி பறந்தால் யோசிக்காமல் திரும்பலாம். இரவங்கலாறில் டீக்கடைக்காரரிடம் வழி கேட்டேன். "நேரா போயி, நேத்து பெரியவரு நின்ன எடத்துல பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றார். பெரியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

இந்த மலையில் பாத்தியதை பேச அந்தப் பெரியவர்களுக்குத்தான் தகுதி. 2021-லிருந்து இது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். தென்பழனி சோதனைச்சாவடியில் காலை ஆறுக்குத் திறந்து மாலை ஆறுக்கு அடைத்துவிடுவார்கள். காட்டுக்குள் நடக்க அனுமதி வேண்டும். குரங்கணியில் 2018-ல் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை அறிந்த எங்கள் தேனி மாவட்டத்துக்காரன் எவனும் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல மாட்டான். அனுமதி கேட்காமல் நடந்தவர் அரிக்கொம்பன் என்னும் யானையார் ஒருவர்தான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். கழுத்தில் ரேடியோ பட்டையோடு அவர் காலாற நடந்து மேகமலை வந்தார். எங்களுக்கெல்லாம் மலையேறத் தடை. மே 27 காலை கம்பம் டவுனுக்கே இறங்கி, தெருத் தெருவாகப் பார்த்தார். அன்று காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார், ஆகவே அதற்கு மேல் சிரிக்க மனம் வரவில்லை. ஜூனில் மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றிக் களக்காடு பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

மனிதருக்கென்று மலைமேல் ஒரு பாதை உண்டு, வருஷத்தில் ஒரு நாள். சித்ரா பௌர்ணமியன்று பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு. அந்த ஒரு நாள் நடைக்குத் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகிறார்கள். கேரளக்காரர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் வருவார்கள், நாம் மூச்சுவாங்க ஏறுவோம். அங்கே யாரும் எதற்கு நடக்கிறாய் என்று கேட்பதில்லை. கண்ணகிக்கு என்றால் காரணம் போதும்.

மற்ற நாளுக்கு என்ன செய்வது? கையில் ஏதாவது இருந்தால் கேட்க மாட்டார்கள் என்று வீட்டுக்காரி யோசனை சொன்னாள். வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். ஜீப்கள் மரியாதையாக ஒதுங்கிப் போயின. ஒரு லயத்துப் பக்கம் போனதும் நாற்காலி வந்தது. டீ வந்தது. பின்னாலேயே ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, ஒரு ஜெராக்ஸ் கட்டு வந்தது.

"அம்மா, நான் ஆபீசர் இல்ல. சும்மா நடந்து வந்தேன்."

கூட்டத்தில் மூத்தவர் மற்றவர்களைக் கையமர்த்தினார். "சத்தம் போடாதீக, சார் ரகசியமா வந்திருக்காரு" என்றவர், என் பக்கம் குனிந்தார். "மொதல்ல தெருவிளக்கு எரியலேன்னு எழுதிக்கங்க சார்."