புளியமரத்தடியில் புல்லட்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர் முன் நிற்கும்போது எங்கள் ஊரே அதற்குள் அடங்கிவிடும். புல்லட்டைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு நடந்து வந்த என் மாமாவும் அடங்கினார்.

பிரீமியம் நம் பையிலிருந்து போவதில்லை. 2022 ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு 849 ரூபாயை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிறது. பதிலுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. "849 வாங்கிட்டு அஞ்சு லட்சம் குடுப்பானா? எங்கயோ இடிக்குதே மாப்ள" என்றார் மாமா. எல்லோருக்கும் ஒரே வருஷத்தில் நெஞ்சு வலிக்காது, அதுதான் சூட்சுமம் என்றேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று முறைத்தார்.

பட்டியலில் உள்ள நோய்க்குத்தான் பணம். தலைவலி வந்தால் செலவு நம்முடையது. தலைக்குள் கட்டி வந்தால் அரசுடையது. ஆகவே வருவதே வருகிறது, கொஞ்சம் பெரிதாக வரட்டும் என்று வேண்டிக்கொள்வது உத்தமம்.

மாமாவுக்குப் பெரிதாகவே வந்தது. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால்.

"ரெண்டு பேரும் ஒரே ஆள்தானா சார்?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாமா கையைத் தூக்கி, ஆமாம் என்று ஒரு விரல் காட்டினார்.