விடுவாய் இயல்

மாணாக்க, முதற்கண் எல்லை அறிக. மேற்கே வெள்ளிமலை, கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை. 2019-இல் விழுப்புரத்தினின்று பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டமே இந்நூல் வழங்கும் நிலம். நுதலிய பொருள், வடந்தாங்கியின் வெப்பநீட்சி. வடந்தாங்கியாவது மின்வடங்களைச் சுமந்து செல்லும் மாழைத்தட்டு. மின்பணியாளர் கேபிள் ட்ரே என்பர்.

1. நீட்சி. இது மாழையால் இருவகைப்படும்: எஃகுநீட்சி, அலுமினியநீட்சி. வெப்பம் ஒரு பாகை ஏறின், ஒரு மீட்டர் எஃகு 0.012 மி.மீ. நீளும், அலுமினியம் 0.023 மி.மீ. நீளும். கச்சிராயபாளையத்துக் கரும்பாலையின் தகரக்கூரையடியில் 50 மீட்டர் தாங்கி ஒன்று உளதெனக் கொள்க. பனிவிடியலில் தட்டின் வெப்பம் 15 பாகை, கோடை உச்சியில் 55 எனின், எஃகு 24 மி.மீ. நீளும், அலுமினியம் 46 மி.மீ. நீளும்.

2. விடுவாய். தாங்கித் துண்டுகளிடையே வேண்டுமென்றே விடும் வெளி இது. பூட்டும் பொழுதால் இருவகைப்படும்.

2.1 அகல்விடுவாய்: குளிரிற் பூட்டுவோர்க்கு உரியது. மேற்கூறிய எஃகுத்தாங்கியை 25 பாகையிற் பூட்டின் 18 மி.மீ. விடுக.

2.2 குறுவிடுவாய்: வெயிலிற் பூட்டுவோர்க்கு உரியது. 45 பாகையெனின் 6 மி.மீ. போதும். பூட்டுவோனின் வியர்வையை அளவாகக் கொள்ளற்க. தட்டின் வெப்பத்தையே அளந்தறிக.

3. பற்று. இதுவும் இருவகைத்து. இரு விடுவாய்களின் நடுவே ஒன்றே நிலைப்பற்று. ஏனைய யாவும் நெகிழ்பற்று. நெகிழ்பற்றாவது தாங்கியைப் பக்கம் விலகவிடாது, நெடுக மட்டும் நகரவிடுவது. விடுவாயின் இருமருங்கும் 60 செ.மீ.க்குள் தாங்குகால் நிற்றல் வேண்டும். நீள்துளைப் பட்டை இரு துண்டுகளையும் இணைக்கும். செப்புப்பிணை நிலமின் தொடர்பைக் காக்கும். மேற்செல்லும் வடத்திற்கும் சிறிது தொய்வு வேண்டும்.

4. வழுவாளர் நால்வர்.

(அ) இறுக்கி. ‘லூசா இருக்கு சார், டைட் பண்ணிடவா?’ என்பது இவன் அடையாளக் கூற்று. நெகிழ்பற்றை நிலைப்பற்றாக்குவான்; கோடையில் தாங்கி நெளியும். இவனுள் கையிறுக்கி, முடுக்கியின் பிடியில் குழாய் செருகித் தொங்கும் குழாயிறுக்கி என இரு பிரிவினர் உளர். பின்னவன் கொடியவன்.

(ஆ) ஒட்டி. விடுவாயைக் கண்டால் பிறர் விட்ட குறையென்று எண்ணிப் பற்றவைத்து மூடுவான்.

(இ) மறப்போன். செப்புப்பிணையை மறப்பான். மின்கசிவு நிலம் சேர வழியின்றித் தட்டிலேயே தங்கும், தொட்டவன் அறிவான்.

(ஈ) செருகி. விடுவாயிற் பீடிக்கட்டு வைப்பான். வெயில் ஏறின் பீடி நசுங்கும், தாங்கிக்குக் கேடில்லை. ஆதலின் இஃது அரைவழு.

புறனடை. காகம் அமர்தலாலும் அணில் ஓடுதலாலும் தாங்கி அசைவது நீட்சியன்று. மலையடியூர்களில் குரங்கு தொங்குதலால் வரும் அசைவும் அன்னதே. அதன் ஏழு வகைகளைக் குரங்காட்ட இயலிற் காண்க.