குழந்தைகளைக் கொதிகலன்களாக அறிவிக்கக் கோரி

அனுப்புநர்: பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் பின்பக்கம் வரிசை வீட்டில் குடியிருக்கும் ஒருவன்.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், தொழிற்சாலைகள், கொதிகலன்கள், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை, கர்நாடக அரசு, பெங்களூரு.

பொருள்: ஆயத்த ஆடைத் தொழிலாளர்களின் குழந்தைகளைக் கொதிகலன் வகையில் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தொழிற்சாலைக்குள் கொதிகலன் இருந்தால் அதைப் பார்ப்பது உங்கள் துறை. அதே காம்பவுண்டுக்குள் பெண் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் இருந்தால் அதைப் பார்ப்பதும் உங்கள் துறைதான். இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் யாரோ, அவர் பிள்ளை வளர்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டும் சூடாகும், இரண்டும் சத்தம் போடும், இரண்டையும் கவனிக்காமல் விட்டால் விபரீதம். என் மனக்குறை ஒன்றே ஒன்று. ஒரே வீட்டில் வளர்ந்தும் மூத்ததற்குக் கிடைக்கும் சலுகை இளையதற்குக் கிடைக்கவில்லை.

மூத்ததின் செல்வாக்கைப் பாருங்கள். 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துச் சிலர் உயிர் போயிற்று. மறு வருஷமே வங்காளத்தில் அதற்கென்று சட்டம். 1923இல் நாடு முழுமைக்கும் ஒன்று. அது பழசாகிவிட்டதென்று 2025இல் புதிதாக ஒன்று. பதிவு எண்ணை அதன் உடம்பிலேயே பொறிக்கிறீர்கள். சான்றிதழ் இல்லாமல் யாரும் பற்றவைக்க முடியாது. பொதுவாக 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஆய்வாளர் வருகிறார் என்றால் முதலாளி அதை அணைத்து, ஆறவைத்து, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, திறந்து காட்ட வேண்டும். வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றித் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கும் ஆள் பரீட்சை எழுதித் தேறியவராக இருக்க வேண்டும், அதிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தரம் உண்டு. அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். நான் கொதிகலனாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று சில சமயம் தோன்றுகிறது.

இளையதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றது. 1976இல் அதை 30 ஆக இறக்கினார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் உள்ள சுத்தமான அறை, பொறுப்பில் பயிற்சி பெற்ற பெண். இதை ஒட்டி மாநிலங்களில் எழுதப்பட்ட விதிகளைப் படித்தால் தாய்மனம் கசியும். பிள்ளைக்கு 20 சதுர அடி. கூரை 12 அடி உயரம். ஒவ்வொன்றுக்கும் விரிப்போடு தொட்டிலோ கட்டிலோ. பாலூட்டும் தாய் உட்கார ஒரு நாற்காலி. நாலு பிள்ளைக்கு ஒரு கைகழுவும் தொட்டி. நாள்தோறும் தலைக்கு அரை பைண்ட் சுத்தமான பால். பைண்ட் என்ற அளவை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான், இங்கே நந்தினி பாக்கெட் அரை லிட்டரில் வருகிறது. ஆகையால் ஆயம்மாக்கள் அதை ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை, பிள்ளைகள் உட்பட.

20 சதுர அடி என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க, 2013இல் வந்த முன்பருவக் கல்விக்கான தேசியக் கொள்கை 30 பிள்ளைக்கு 35 சதுர மீட்டர் போதும் என்றது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பன்னிரண்டரை சதுர அடி. 2018இல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் காப்பகங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டி 10 முதல் 12 என்றது. ஆக, உங்கள் விதிக்குள் கால் நீட்டிப் படுக்கும் பிள்ளை, அமைச்சகத்தின் விதிக்குள் நுழைந்தால் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அதே வழிகாட்டியில், பிள்ளைகள் இருக்கும் நேரம் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் டிரைவரும் உள்ளே வரக் கூடாது என்றும் இருக்கிறது. அப்பாவே பிளம்பராக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

இனி, ஆய்வு எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். ஆய்வுக்கு வந்தவரும் உங்கள் ஆள் இல்லை. சட்டை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுக்காரர்கள் அனுப்பிய ஆடிட்டர். எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், டெய்லர். முதல் நாள் ராத்திரியே சொன்னாள்: “அண்ணா, நாளைக்கு ஆடிட்டு. பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நல்லாக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வான்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க.”

மறுநாள் அவள் வந்து சொன்னதைக் கேட்டபோது அந்த அறை கண்ணெதிரே நின்றது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி, சோட்டா பீம், மூன்று மொழியில் எழுத்துகள். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, பிரித்தால் அழுக்காகுமாம். குழந்தை புரண்டால் உறை சரசரக்கிறது, அந்தச் சத்தத்துக்கே விழித்துக்கொண்டு அழுகிறது. பொம்மைகள் எண்ணி நம்பர் ஒட்டிக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன, சாவி ஹெச்.ஆரிடம். ஆடிட்டர் கையில் லேசர் அளவுக் கருவி. அதன் சிவப்புப் புள்ளி கூரையில் ஊர்ந்ததும் பாப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். அந்த அறையில் அலமாரிக்கு வெளியே இருந்த ஒரே விளையாட்டுச் சாமான் அதுதான்.

கூரை உயரம் சரி. தீயணைப்பானின் தேதி சரி. பால் பதிவேடு சரி. பிள்ளைகள் ஒன்பது. இந்த ஒன்பதில் நேற்று எத்தனை வந்தன என்று கேட்க அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. அதற்கும் மறுநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவளிடம், மூக்கு ஒழுகுகிறது, மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், சரியானதும் கூட்டிவா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகாத நாள் பஞ்சாங்கத்தில் எங்கே இருக்கிறது? மற்ற பிள்ளைகள் யாரென்று இவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒட்டகச்சிவிங்கி மட்டும் இருந்ததாம்.

ஐயா, விதிகள் அத்தனையிலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய காப்பகம் எது என்று நான் உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளை இல்லாத காப்பகம்தான். சுவரில் கிறுக்கல் இருக்காது, விரிப்பில் ஈரம் இருக்காது, பால் சிந்தாது, விபத்துப் பதிவேடு பால் போல் வெள்ளையாக இருக்கும். தலைக்கு இத்தனை சதுர அடி என்ற கணக்கில் தலையே இல்லையென்றால் இடத்துக்கு அளவே கிடையாது. இந்த வித்தை கொதிகலனிடம் பலிக்குமா? அழகாக வெள்ளையடித்து, கதவில் பெயர் எழுதி, உள்ளே கொதிகலன் மட்டும் இல்லாத ஓர் அறைக்கு உங்கள் ஆய்வாளர் சான்றிதழ் கொடுப்பாரா?

தாய்மார்கள் கொண்டுவராவிட்டால் முதலாளி என்ன செய்வார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனேக்கல்லிலிருந்தும் அத்திப்பள்ளியிலிருந்தும் வரும் கம்பெனி வேனில் பெரியவர்களே ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஏறச் சொல்லிப் பாருங்கள். 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், தாய் ஒரு நாளில் நாலு முறை காப்பகத்துக்குப் போய் வரலாம் என்றது. லைன் முனையில் தொங்கும் டார்கெட் பலகைக்கு அந்தச் சட்டத்தின் நகல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரு மணிக்கு இத்தனை காலர் என்று எழுதியிருக்கும் இடத்தில், பால் கொடுக்கப் போனவளின் காலரை யார் தைப்பது என்று சூப்பர்வைசர் கேட்கிறார். அவருக்கும் மேலே ஒருவர் அவரைக் கேட்கிறார்.

ஆகவே பாப்பா போவது பாட்டி வீட்டுக்கு. யாருக்கும் சொந்தப் பாட்டி இல்லை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மகனோடு வந்து, மகன் வேறிடம் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்ட கிழவி. மாசத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒரே அறையில் பதினொரு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் சிரமத்தைக் குறைக்க, விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நானே அங்கே ஓர் ஆய்வு நடத்தினேன். கூரை: எட்டடி, சிமெண்ட் ஷீட்டு. நாற்காலி: ஒன்று உண்டு, அதன்மேல் டிவி. கைகழுவும் தொட்டி: சிவப்பு வாளி, ஒரு சொம்பு. தொட்டில்: கொக்கியில் மாட்டிய பழைய சேலைத் தூளி, அதற்கு ஆறு பேர் போட்டி. பாதுகாப்பு ஏற்பாடு: வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை. பயிற்சி: பெற்றது ஐந்து, வளர்த்தது எண்ணவில்லை. பதிவேடு கேட்டேன். “எட்டாம் நம்பர் வீட்டுப் பையனுக்கு முட்டை ஆவாது. ஒரியாக்காரப் பொண்ணுக்குச் சோத்துல பால் ஊத்தினாத்தான் எறங்கும். அந்தச் சின்னது ரெண்டு மணிக்குத் தூங்கலன்னா ஊரையே எழுப்பும். வேற என்ன வேணும் உனக்கு?” என்றார். எல்லா இனத்திலும் தேறவில்லை என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

இதுவே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அறைக்கு ஒரே கதவு, கதவுக்குப் பக்கத்திலேயே காஸ் அடுப்பு. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் கீற்றுக் கூரையின் அடியில் 94 பிள்ளைகள் கருகிய செய்தியைப் படித்த எவனுக்கும் அந்தக் கதவைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். பன்னிரண்டடிக் கூரையும் தீயணைப்பானும் ஓர் அறையில் இருக்கின்றன, பிள்ளைகள் வேறோர் அறையில் இருக்கிறார்கள். யாராவது இரு தரப்பையும் அறிமுகம் செய்துவைத்தால் புண்ணியமாகப் போகும்.

அந்த யாராவது யார் என்பதில்தான் சிக்கல். பாட்டியின் அறை தொழிற்சாலை இல்லை, அதனால் நீங்கள் வர முடியாது. அங்கன்வாடி விஷயத்தில் கர்நாடகம் முன்னோடி. 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் முதன்முதலாக 33 வட்டாரங்களில் திட்டம் தொடங்கியபோது மைசூர் மாவட்டத்து தி. நரசீபுரா அதில் ஒன்று. ஆனால் அங்கன்வாடி பூட்டும் நேரத்துக்கும் தையல் லைன் நிற்கும் நேரத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் விழுந்து கிடக்கிறது. 2023இல் முதலமைச்சர் பட்ஜெட்டில் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ‘கூசின மனே’ என்று குழந்தைகள் காப்பகம் அறிவித்தார், நல்ல திட்டம். பொம்மசந்திரா இப்போது கிராமப் பஞ்சாயத்து இல்லை, புரசபை, அதாவது நகராட்சி. நகரமாக வளர்ந்த குற்றத்துக்கு அது கிடைக்காது. தனியார் மழலையர் பள்ளிகளுக்குக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறி மூன்று வயதில் ஆரம்பிக்கிறது, பாப்பாவுக்கு இரண்டு. எல்லாத் துறையின் எல்லையும் வந்து முடியும் இடத்தில்தான் அந்தக் குறுக்குப் பலகை இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆண் பெண் பேதமில்லாமல் 50 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்கிறது புதுச் சட்டம். கிண்டலில்லாமல் சொல்கிறேன், நல்ல திருத்தம். காப்பகச் செலவுக்குப் பயந்து 31ஆவது பெண்ணை வேலைக்கு எடுக்காத பட்டறைகளுக்கு இனி அந்தச் சாக்கு இல்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம் என்றும் இருக்கிறது. கேட்டுக்கு எதிர்க் கேட்டு என்று நெருக்கியடித்து நிற்கும் இந்தத் தொழிற்பேட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விதி. கூடவே, ஆய்வாளர் இனி வெறும் ஆய்வாளர் இல்லை, ஆய்வாளர் மற்றும் வசதி செய்து கொடுப்பவர். எங்கே போக வேண்டும் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். யாருக்கு வசதி என்பதையும் கணினி சொல்லுமா என்றுதான் தெரியவில்லை.

என் கோரிக்கைகள் எளியவை. பாப்பாவையும் கூட்டாளிகளையும் கொதிகலன்களாக அறிவியுங்கள். பதிவு எண்ணை உடம்பில் பொறிக்க வேண்டாம், தடுப்பூசித் தழும்பே போதும். உள்ளே பிள்ளை இருக்கும்போது மட்டும் காப்பகத்துக்குச் சான்றிதழ் கொடுங்கள். கொதிகலனை ஆறவைத்துப் பார்ப்பது சரி, காப்பகத்தைச் சூட்டோடு பார்க்க வேண்டும். சொல்லாமல் ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள். ஒன்றரை மடங்கு அழுத்தச் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். 30 பிள்ளைக்கான அறையில் 45 பிள்ளைகளை விட்டு, பொம்மை அலமாரியைத் திறந்து, முதலாளியையும் ஹெச்.ஆரையும் ஒரு மணி நேரம் உள்ளே உட்காரவையுங்கள். தாங்கினால் 12 மாதத்துக்குச் சான்றிதழ்.

இன்னொரு விஷயம், நினைவூட்டலாக மட்டும். பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்க 58 வயதுவரை காத்திரு என்று ஒரு விதி வந்தபோது, 2016 ஏப்ரலில் இதே பெண்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். இரண்டாம் நாளே டெல்லி அந்த விதியைத் திரும்பப் பெற்றது. காப்பகத்துக்காக அவர்கள் இன்னும் சாலைக்கு வரவில்லை. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற பிரச்சினை இருக்கிறது.

இப்படிக்கு,
வரிசை வீட்டுக் குடித்தனக்காரன்,
பொம்மசந்திரா.

பி.கு.: இதன் நகலைக் கொதிகலன் பிரிவுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். 24 மணி நேரக் கெடு அவர்களுக்குப் பழக்கம்.