விலாசம் மாறிப் போன கருணை

பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களைத் திருச்சபைக்கு ஆதரிக்கத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அபாண்டம்! ஆதரிப்பதில் நம்மை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆள் கிடையாது. புகார் வந்த வாரமே தங்க இடம், வேளாவேளைக்குச் சாப்பாடு, மன அமைதிக்குத் தியான இல்லம், ஆலோசகர், சபைச் செலவில் வக்கீல், உண்ணாநோன்பு ஜெபம், கொஞ்சம் ஆறியதும் புது ஊரில் புது வேலை. வழிச்செலவு தனி. எல்லாம் மளமளவென்று நடந்துவிடும்.

யார் மேல் புகார் வந்ததோ, அவருக்கு.

புகார் கொடுத்தவருக்கும் ஒன்று உண்டு. "மன்னிச்சிடும்மா."

ஆக, கருணைக்குப் பஞ்சமில்லை. விலாசம்தான் மாறிப் போய்விடுகிறது. தபால்காரர் வருடக்கணக்காக ஒரே வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைப் பாருங்கள். 2002 ஜனவரியில் அங்கே ஒரு நாளிதழ் கட்டு அவிழ்த்த கதை, ஒரே குருவானவர் பற்றியது. முப்பது வருடத்தில் ஆறேழு பங்குகள். 130 பேருக்கு மேல் அவர் மீது குற்றம் சொன்னார்கள், பெரும்பாலும் சின்னப் பையன்கள். ஒவ்வொரு முறை புகை கிளம்பும்போதும் சிகிச்சை, ஓய்வு, அடுத்த பங்கு. பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா அந்த வருடம் டிசம்பரில் பதவி விலகினார். பாவம், வயதான மனிதர், வீதியில் விட முடியுமா? 2004இல் ரோமாபுரியின் நான்கு பெரும் பேராலயங்களில் ஒன்றான மரியன்னை பேராலயத்துக்கு அதிபராகப் போனார். அடுத்த வருடம் புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார். 2017இல் இறந்தபோது புனித பேதுரு பேராலயத்தில் அடக்கத் திருப்பலி. அந்த 130 பேரில் எத்தனை பேருடைய அடக்கத்துக்கு ஒரு ஆயராவது போனார்?

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமல் போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பரின் கதையை ஞாயிறு மறைக்கல்வியில் படித்தவர்கள்தான் நாம். மேய்ப்பர்கள் இன்றைக்கும் தேடித்தான் போகிறார்கள், தோளில் போட்டுக்கொண்டும் வருகிறார்கள். தோளில் இருப்பது ஓநாய்.

அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தால், நம் உதகைக்கே வருவோம். அந்த மறைமாவட்டத்துக் குருவானவர் ஒருவர் 2004இல் மினசோட்டா மாநிலத்துக்குப் பணியாற்றப் போனார். பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் இருவர் அவர் மீது புகார் சொன்னார்கள். அதற்குள் அவர் ஊர் திரும்பிவிட்டார். அங்கே பிடிவாரண்ட் இருக்க, இங்கே மறைமாவட்ட அலுவலகத்தில் மேசை, நாற்காலி, வேலை. என்ன வேலை? சபைப் பள்ளிகளுக்கு ஆசிரியர் நியமனக் கோப்புகளைப் பார்ப்பது! இந்த இடத்தில் அங்கதம் எழுதுகிறவன் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான். இதற்கு மேல் கற்பனையில் என்ன சேர்க்க முடியும்? 2012இல் கைது, பிறகு அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. 2015இல் ஒரு பிள்ளையின் வழக்கில் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார், தண்டனை பெற்றார், திருப்பி அனுப்பப்பட்டார். 2016 ஜனவரியில் அவர் மேலிருந்த இடைநீக்கத்தை உதகை ஆயர் எடுத்துவிட்டார். வத்திக்கானைக் கலந்தாலோசித்து, முறைப்படி. கெட்ட குமாரன் வீடு திரும்பினான், கொழுத்த கன்று அடிக்கப்பட்டது. அந்தப் பெண்பிள்ளைகள் எந்த வீட்டுக்குத் திரும்புவது?

சிட்னிக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஜான் எல்லிஸ் என்பவர் சிறுவனாகப் பூசைக்கு உதவப் போய் ஒரு குருவானவரிடம் சிக்கியவர். வளர்ந்து வக்கீலான பிறகு நியாயம் கேட்டு வந்தார். நடந்திருக்கத்தான் வேண்டும் என்று சபையின் சொந்த விசாரணையே சொன்னது. அவர் ஒரு லட்சம் டாலருக்குச் சமரசம் கேட்டார். முடியாது என்றார்கள். வழக்கு போட்டார். நடந்ததாகத் தங்கள் விசாரணையே சொன்ன காரியம் நடந்ததா என்று சபையின் வக்கீல்கள் அவரையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்கள். கடைசியில் 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்த வாதம் என்ன தெரியுமா? வழக்குத் தொடுக்கும்படியாகச் சட்டத்தின் கண்ணில் கத்தோலிக்கத் திருச்சபை என்று ஒன்று இல்லவே இல்லை!

நாத்திகர்கள் கடவுள் இல்லை என்றுதான் சொன்னார்கள். திருச்சபையே இல்லை என்று சொல்ல ஒரு பேராயர் தேவைப்பட்டார். கட்டடம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, காணிக்கைப் பெட்டி கண்டிப்பாக இருக்கிறது. கணக்குத் தீர்க்க வந்தால் மட்டும் ஆள் இல்லை.

பக்கத்துக் கோயில் சீர்திருத்தச் சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டுகள், ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உள்ளது, எனவே குற்றவாளிகளின் பட்டியலை நாங்கள் வைத்திருக்க இயலாது என்று பல வருடம் கைவிரித்தார்கள். தலைமை அலுவலகத்தில் அப்படியொரு பட்டியல் 2007லிருந்தே இருந்தது என்பது 2022இல் வெளியே வந்தது. 703 பெயர்கள். ஆங்கிலிக்கன் சபையிலோ, கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியே 2024 நவம்பரில் பதவி விலக நேர்ந்தது. பையன்களை ரத்தம் வர அடித்த ஒருவரைப் பற்றித் தெரிந்தும் தொடர வேண்டியதைத் தொடரவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது.

மாற்றல் உத்தரவு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், சபை பாரபட்சம் பார்ப்பதில்லை. 2018இல் கொச்சியில், ஆயர் மேல் புகார் சொன்ன ஒரு சகோதரிக்காக, உடன் சகோதரிகள் துறவற உடையோடு தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த ஆயரை விசாரணை நீதிமன்றம் 2022இல் விடுவித்தது. அது சட்டத்தின் காரியம். தெருவில் உட்கார்ந்த நாலு மாதத்திலேயே அந்தச் சகோதரிகளுக்கு மாற்றல் கடிதம் வந்தது. அது சபையின் காரியம்.

நம் பங்குப் பேரவைக்கு வருவோம். ஒரு பிள்ளை வாய் திறந்தால் முதலில் கிளம்புவது பெரியவர்களின் கரிசனம். "நாமளே சிறுபான்மை. வெறும் வாயை மெல்லுறவனுக்கு அவல் கொடுக்கலாமா?" "பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" "சாமியாரை எதிர்த்தா சாபம் சும்மா விடாது." கடைசியாக ஒருவர் எழுந்து, சபையைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்பார். யாரை? பிள்ளையின் அப்பாவை. யூதாஸ் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பன்னிரண்டு பேரில் ஒருவன் என்பதும், வெள்ளிக்காசு அவன் கையில்தான் இருந்தது என்பதும் அந்நேரத்துக்கு மறந்துபோகும். சிறுவருக்கு இடறல் செய்பவனுக்கு ஆண்டவர் சொன்ன எந்திரக்கல்லை எந்தப் பங்கும் வாங்கி வைத்திருப்பதாக நான் கேள்விப்படவில்லை. அடிக்கல் மட்டும் வருடத்துக்கு ஒன்று நடுகிறோம்.

இந்தக் கரிசனத்துக்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம், தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் தலைவர் தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. ஆயர் இல்லத்தில் தேநீர் கொடுத்து, "நாங்க பாத்துக்குறோம்" என்று அனுப்பி வைப்பது புகாரைப் பெற்றுக்கொண்டதாகாது. 1098 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அசன விருந்து நோட்டீஸுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, நான் பார்த்தேன்.

புதிதாகத் திட்டம் எதுவும் தீட்ட வேண்டாம், குழு வேண்டாம், கருத்தரங்கம் வேண்டவே வேண்டாம். புகாருக்கு ஆளானவருக்குக் கொடுத்த வக்கீலைப் புகார் சொன்ன இவளுக்குக் கொடுங்கள். அவருக்குக் கட்டிய ஆலோசகர் கட்டணத்தை இவளுக்கு, இவள் போதும் என்று சொல்லும் வரை கட்டுங்கள். "விசாரணை முடியும் வரை அவரைக் குற்றவாளி என்று சொல்லாதீங்க" என்கிறீர்களே, அந்த நியாயத்தில் பாதியை இவளுக்கும் வைத்து, விசாரணை முடியும் வரை பொய்க்காரி என்று சொல்லாமல் இருங்கள். மன்னிப்பைப் பற்றி அவளாகப் பேசினால் கேளுங்கள். இல்லையா, வாயை மூடிக்கொண்டிருங்கள். மௌனமாயிருப்பதில்தான் நமக்கு நல்ல பயிற்சி ஆயிற்றே.

மே மாதம் குருவானவர்களின் மாற்றல் பட்டியல் வந்தது. பிரிவு உபசார விழாவுக்கு ரசீது புத்தகத்தோடு எங்கள் பொருளாளர் வந்தார். பொன்னாடை, ஃப்ளெக்ஸ், குரூப் போட்டோ, பிரியாணி. தலைக்கட்டுக்கு 500 ரூபாய். போன வருடம் ஒரு குடும்பம் குட்டியானையில் சாமான் ஏற்றிக்கொண்டு விடிகிறதற்கு முன்னால் ஊரை விட்டுப் போனதே, என் 500ஐ அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன்.

பொருளாளர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அவங்க விலாசம் யார்கிட்டயும் இல்லையே, சார்."