பாங்காக் ரிட்டர்ன்

அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் கோடாலித் தைலம் வாங்கி வருவார்கள். நாலு வீட்டுக்குக் கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிடும். பாங்காக் போய் வந்தவரோடு அப்படி முடிவதில்லை.

2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்தாலும் அறிவித்தது, சென்னையில் ஃபிளாட்டுக்கு ஒருவராவது இந்த ரகத்தில் தேறிவிட்டார். ஐந்து பகல், நாலு இரவு. பட்டாயாவில் பாதி, பாங்காக்கில் மீதி. இறங்கும்போது இடுப்பில் யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நுங்கம்பாக்கத்திலோ அண்ணா நகரிலோ உள்ள ஒரு தாய்லாந்து ஓட்டலுக்கு நம்மைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். தனியாகப் போகமாட்டார். ஒன்றும் தெரியாத நாலு பேர் எதிரில் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

எங்கள் பிளாக்கிலும் ஒருவர் இருக்கிறார். கச்சேரி வாசலிலேயே ஆரம்பமாகும். இரு கையும் கூப்பி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, பரிமாறுகிற பையனிடம் "சவாதீ க்ராப்" என்பார். பையன் மிசோரம்காரன். மெட்ராஸுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. "வாங்க சார், எத்தினி பேரு? ஏசிக்கு நேரா வேணாமா?" என்று சுத்தமான திருவல்லிக்கேணித் தமிழில் கேட்பான். நம்மவர் அசருவாரா? எங்கள் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, இந்தத் தாய்லாந்துக்காரங்க நம்ம பாஷைய என்னமாப் புடிச்சுக்கறாங்க!" என்பார்.

மெனு கார்டை வேறு யாரும் தொடக்கூடாது. முதலில் டாம் யம் சூப். எலுமிச்சைப் புல், பேரரத்தை வில்லை, காஃபிர் எலுமிச்சை இலை எல்லாம் அதில் மிதக்கும். மணத்துக்காகப் போடுகிற சமாசாரங்கள். தாய்லாந்தில் அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சூப்பைக் குடிப்பார்கள். ஆனால் நம்மவர் முதல் நாளே "எல்லாம் மூலிகை, ஒண்ணு விடக்கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டார். இனி பின்வாங்க முடியாது. விரல் நீளத்துக்கு ஒரு எலுமிச்சைப் புல்லை எடுத்து, கரும்பு மாதிரி கடைவாயில் அதக்கிக்கொள்வார். பேச்சு நடக்கும், தாடையும் நடக்கும், நார் மட்டும் குறையாது. கடைசியில் வாய் துடைக்கிற சாக்கில் டிஷ்யூ பேப்பருக்குள் இறக்கி, மடித்து, தட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். அடுத்தது பேரரத்தை. அதை மெல்லுகிற இரண்டு நிமிஷம்தான் மற்றவர்கள் பேசுவதற்கான நேரம்.

பாட் தாய் வரும்போது சரித்திரமும் கூடவே வரும். "ஆயிரம் வருஷமா அரண்மனையில செஞ்சுக்கிட்டிருந்த ஐட்டம்." உண்மையில், 1939இல் சியாம் என்ற பேரைத் தாய்லாந்து என்று மாற்றினாரே பிபுல்சொங்க்ராம், அவர் பிரதமராக இருந்த காலத்தில் தேசப்பற்று என்று சொல்லி அரசாங்கமே ஊர் ஊராகப் பரப்பிய பண்டம் அது. அரிசி நூடுல்ஸை வாணலியில் புரட்டும் வித்தை சீனர்களுடையது. புளியும் பனைவெல்லமும் மீன் சாஸும் சேர்த்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். என் பெரியப்பாவுக்கும் பாட் தாய்க்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான். பில்லை நம்மவர் கொடுப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறவரை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

"இது சைவம்தானே?" என்று இரண்டாவது மாடி மாமி கிரீன் கறியைக் காட்டிக் கேட்டார்.

"பச்சையா இருக்கே, தெரியலையா மாமி? சுத்த சைவம்."

பச்சை வந்தது மிளகாயிலிருந்து. முறைப்படி செய்தால் அந்த மசாலாவில் இறால் விழுது சேரும். உப்புக்கு, நெத்திலியை மாதக்கணக்கில் உப்பில் ஊறவைத்து வடித்த சாறு. நல்லவேளை, "உங்களுக்கு வெஜ் பேஸ்ட் தனி மாமி, சோயா சாஸ்தான்" என்று பையன் ஓடிவந்து மாமியின் ஆசாரத்தைக் காப்பாற்றினான்.

நம்மவரின் மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அங்க நாலு நாளும் இவர் என்ன சாப்பிட்டார்னு கேளுங்க. டூர்காரன் கூட்டிட்டுப் போனதெல்லாம் இண்டியன் பஃபே. காலையில பூரி, ராத்திரி பனீர் பட்டர் மசாலா. நடுவுல பசிச்சா செவன் இலெவன்ல சிப்ஸ்."

"அது பேக்கேஜ் ரூல்" என்றார் நம்மவர்.

மூன்றாவது மாடி பாய் அன்று எங்களோடு வந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். பாங்காக்கில் சீலோம் ரோடு பக்கம் வெகுகாலம் கல் வியாபாரம் பார்த்தவர். மாணிக்கமும் நீலமும் வாங்கி விற்கிற தமிழ் முஸ்லிம்கள் அந்த வட்டாரத்தில் பல காலமாக இருக்கிறார்கள். இது மேஜையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாய் நூடுல்ஸைக் கொஞ்சம் ருசி பார்த்தார். "தம்பி, கொஞ்சம் சீனி கிடைக்குமா?" நூடுல்ஸ் கடை மேஜைகளில் மிளகாய்த் தூளோடு சர்க்கரையும் வைத்திருப்பது அந்த ஊர் வழக்கம். நம்மவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நூடுல்ஸுக்குச் சர்க்கரையா? பாய், இது பாயசம் இல்ல!"

பிறகு சோறு வந்தது. பாய் வலது கையில் ஸ்பூனும் இடது கையில் ஃபோர்க்குமாக, ஃபோர்க்கால் சோற்றை ஸ்பூனுக்குள் தள்ளி நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். தாய்லாந்தில் சோறு சாப்பிடுகிற முறையே அதுதான். குச்சியெல்லாம் நூடுல்ஸ் கிண்ணத்துக்கு.

"பாய், பாய்! ஸ்பூனைக் கீழ வைங்க. அங்க போய் இப்படிச் சாப்பிட்டீங்கன்னா சிரிப்பாங்க." உறையைக் கிழித்து, இரண்டு குச்சிகளையும் அவர் விரலிடுக்கில் தானே செருகிவிட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

"அப்படியா? தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு, உதிரி உதிரியாக இருந்த சோற்றைக் குச்சியால் இரண்டு இரண்டு பருக்கையாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"பழகிடும் பாய். அடுத்த தடவை பாங்காக் போறப்ப உங்களையும் கூட்டிட்டுப் போறேன். புது ஊரு, தனியாப் போனா ஏமாத்திடுவாங்க."

பில் வந்த நேரத்தில், சமையல்காரருக்குக் கை கொடுக்கிறேன் என்று நம்மவர் உள்ளே போயிருந்தார். பாய்தான் கொடுத்தார்.