சீவாளி காயும் நேரம்

எங்கள் மாமா சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கக் கிளம்பினால், நாயனத்தின் தலைப்பில் கட்டிய கயிற்றில் நாலைந்து சீவாளிகளும் ஒரு தந்த ஊசியும் தொங்கும். எல்லாம் ஈரத்தைச் சமாளிக்கத்தான். வாயில் வைத்து ஊதும் இந்த நாணல் சீவாளி நனைந்தால்தான் பேசும். அளவு மீறி ஊறினால் தடித்துப்போய்ச் சுருதி இறங்கும், மேல் ஸ்தாயி எவ்வளவு ஊதினாலும் எட்டாது. உடனே கழற்றி வேறொன்று பொருத்துவார். கழற்றியது காற்றில் ஆடியபடியே காயும்.

அதற்கு நேரமும் கிடைத்தது. தவில்காரர் தனி எடுத்துக்கொண்டதும், நாயனத்தின் அடிப்பகுதியான அணசு தரையைப் பார்க்கச் சாய்த்து, குழலில் கோத்த நீரை வடியவிடுவார். வீடு திரும்பியதும் துணியை நுழைத்து உள்ளே துடைப்பது, சுருதிக்காக ஒத்துக் குழல் ஊதும் பையனின் வேலை. அவனுக்குப் பாடம் அங்கேதான் தொடங்கியது.

இப்போது மாமாவின் மகன் வாசிக்கிறான். குளிரூட்டிய கல்யாண மண்டபம், தலைக்கு நேர் மேலே ஏசி. உடல் சூட்டோடு ஈரம் சுமந்து போகும் மூச்சு, சில்லிட்ட ஆச்சா மரக் குழலில் பட்டதும் நீராகிவிடுகிறது. தெருப் புழுக்கத்தில் இவ்வளவு தண்ணீர் கோத்து நான் பார்த்ததில்லை. குழலுக்குள் காற்று குளிர்ந்தால் சுருதியும் இறங்கும். ஒத்து இருந்த இடத்தில் இன்று சுருதிப்பெட்டி. எந்தக் குளிருக்கும் அது இம்மி அசையாது. 'நாயனம் சுருதி சேரவில்லை' என்று முன்வரிசையில் பேசிக்கொள்கிறார்கள். அன்று இரண்டு குழல்களும் சேர்ந்தே இறங்கின, சேர்ந்தே ஏறின. எனக்கு இது மனம் ஆறாத அநியாயம்.

2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு, பழைய வீடுகளில் பல்லாண்டு இருந்து ஈரம் வற்றிய ஆச்சாக் கட்டைகளைத் தேடி எடுக்கிறார்கள். புது மரம் காயக் காய வெடிக்கும் என்பதுதான் காரணம். அத்தனை பொறுமையாய்ச் செய்த குழலைத் துடைக்கக்கூட நேரம் தராமல், முகூர்த்தம் முடிந்ததும் வரவேற்பு, அதற்குள் அடுத்த மண்டபத்திலிருந்து அழைப்பு என்று கலைஞரை விரட்டுகிறோம். ஈரத்தோடு பைக்குள் போகும் சீவாளி பூஞ்சை பிடித்துக் கெடுகிறது.

கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேளக்காரர்களை ஏசிக் காற்று நேரே படாத இடத்தில் உட்கார வையுங்கள். தொடங்குமுன் ஊதிக் குழலைச் சூடாக்கப் பத்து நிமிடம் கொடுங்கள். பாட்டுக்கு நடுவே நாயனக்காரர் சீவாளி மாற்றினால், கையசைத்து அவசரப்படுத்தாதீர்கள்.